ஆல்பியன் ஒன்லைன்: முதல் பத்து மணித்தியாலம் காட்டுறதும் மறைக்கிறதும் (கொழும்பில் இருந்து விளையாடுறவைக்கு)

#1 கோணவில்

ஆல்பியனைப் பற்றி ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப வருது. இங்கை ஒரு இடத்தில் எழுதி வைக்கிறன். பிழை இருந்தால் தெரிஞ்சவை திருத்துங்கோ.

திறந்தவுடனே விளங்கிறது, இது ஆடம்பரமான விளையாட்டு இல்லை எண்டதுதான். மேலை இருந்து சரிவாப் பார்க்கிற கமரா. மரம், மாடு, ஆள் எல்லாம் மரப்பொம்மை மாதிரி. உலகத்தைக் காப்பாத்தித் தா எண்டு ஒரு ராசாவும் உங்களிட்டை வரமாட்டார். கதைக்காக வாறவை அரை மணித்தியாலத்தில் மூடிப்போட்டுப் போயிடுவினம், அது அவையின்ரை பிழையும் இல்லை. 2017 யூலையில் வந்தது, 2019 ஏப்ரலில் இலவசமானது, 2021 யூனில் போனுக்கும் வந்தது. கணினிக்காரரும் போன்காரரும் ஒரே உலகத்திலைதான்.

பாத்திரம் உருவாக்கேக்கை வீரனா, மந்திரவாதியா, வைத்தியரா எண்டு கேட்கிறேல்லை. முகம், முடி, பெயர், அவ்வளவுதான். உடுப்புத்தான் தொழில். வில் எடுத்தால் வில்லாளி, அதைக் கழட்டிப்போட்டு ஹோலி ஸ்டாஃப் எடுத்தால் வைத்தியர்.

ஆயுதத்துக்கு மூண்டு திறன்: கியூ, டபிள்யூ, ஈ. முதல் ரெண்டும் ஒரு பட்டியலில் இருந்து நீங்கள் தெரியிறது. ஈ அந்த ஆயுதத்தோடையே வாறது, மாத்த ஏலாது. வில்லையே எடுங்கோ. சாதா வில், வார்போ, லாங்போ மூண்டுக்கும் கியூ, டபிள்யூ பட்டியல் ஒண்டுதான். ஆனால் சாதா வில்லின்ரை ஈ 'என்சாண்டட் குவிவர்', கொஞ்ச நேரத்துக்குச் சாதாரண அம்பையே பலப்படுத்தும். வார்போவில் அது 'மேஜிக் ஏரோ', ஒரே ஒரு பெரிய அம்பு. லாங்போவில் 'ரெயின் ஒஃப் ஏரோஸ்', ஒரு வட்டத்துக்குள்ளை மழையாக் கொட்டும். தனிய ஓடுறவருக்கும் கூட்டத்தோடை நிற்கிறவருக்கும் ஒரே வில் சரிவராதது இதாலைதான். மிச்ச விசைகள்: சட்டை ஆர், தொப்பி டி, சப்பாத்து எஃப், மருந்து 1, சாப்பாடு 2, ஏறிப் போற மிருகம் ஏ.

புதுசா வாறவை விடுற முதல் பிழை இங்கைதான். திறனை மாத்தலாம் எண்டது தெரியாமல், விளையாட்டுத் தானாப் போட்டுக் குடுத்த கியூவோடையே நாள் முழுக்க ஓடுவினம். உடுத்தின சாமானைத் தட்டித் திறவுங்கோ, பட்டியல் வரும்.

அடுத்தது நிலத்தின்ரை நிறம். நீலத்தில் ஒருத்தரும் உங்களை வெட்ட ஏலாது. மஞ்சளில் விழுத்தலாம், ஆனால் சாமான் உங்களோடையே இருக்கும், தேய்மானம் மட்டும்தான். சிவப்பிலும் கறுப்பிலும் செத்தால் உடுத்ததும் பையில் கிடந்ததும் முழுக்கக் கீழை. ஒரு பங்கு அழிஞ்சு போகும், மிச்சம் கொன்றவருக்கு. சில்வர் (விளையாட்டுக் காசு) மட்டும் விழாது. முதல் பத்து மணித்தியாலம் நீலத்துக்குள்ளையே போறபடியாலை, இது விறகு வெட்டிக் கமம் செய்யிற விளையாட்டு எண்ட நினைப்பு வந்திடும். பிறகு இருக்கிற முழுச் சொத்தையும் முதுகில் கட்டிக்கொண்டு சிவப்புக்குள்ளை இறங்குறது. எல்லையில் எச்சரிக்கைப் பெட்டி வரும்தான். வாசிக்காமல் அமத்திறவைக்கு அது என்ன செய்யும்?

---

#2 முளைக்கீரை

அண்ணா, வேற எம்எம்ஓ (கன பேர் ஒரே உலகத்துல விளையாடுற ஒன்லைன் விளையாட்டு) விளையாடினவங்க கேக்கிற ரெண்டு கேள்வி. லெவல் எங்க இருக்கு? 80, 100 என்டு ஒரு நம்பரும் காணல்ல. மத்தது, ஆரம்பத்துல சேர்வர் தெரியச் சொல்லுது, எதைத் தொட்டா நல்லம்?

---

#3 கோணவில்

லெவல் கிடையாது. அதுக்குப் பதிலா டெஸ்டினி போர்ட் எண்டு ஒரு பெரிய கிளைப்படம். எதைச் செய்யிறியளோ அதுக்கு மட்டும் ஃபேம் (அனுபவப் புள்ளி) ஏறும். டி3 (மூண்டாம் டியர், அதாவது மூண்டாம் படி) வில்லால் அடிச்சால் டி4 வில் திறக்கும், கோடரி திறக்காது. மரம் வெட்டினால் மரம் வெட்டத்தான் வரும். சாமான்கள் டி1 தொடக்கம் டி8 மட்டும்.

படத்தைப் பார்த்து மலைக்கத் தேவையில்லை. ஒரு ஆயுதம், ஒரு சட்டை, ஒரு தொப்பி, ஒரு சப்பாத்து. இந்த நாலு கிளையை மட்டும் முதல் கிழமை தள்ளினால் காணும். ஒவ்வொரு நாளும் ஆயுதம் மாத்துறவை எல்லாக் கிளையிலும் டி4இலையே நிண்டு போவினம்.

சேர்வர் கேள்விக்கு 'அறுபது பிங்' வருவார்.

---

#4 அறுபது_பிங்

வந்தேன்.

சேர்வர்கள் மூன்று: அமெரிக்கா, ஐரோப்பா, ஆசியா. ஆசிய சேர்வர் சிங்கப்பூரில் இருக்கிறது, 2023 மார்ச்சில் திறந்தார்கள். ஐரோப்பியது 2024 ஏப்ரலில் வந்தது. கொழும்பில் இருப்பவர் ஆசியாவைத் தவிர வேறொன்றைத் தொடுவதற்கு ஒரே காரணம், கூட்டாளிகள் ஏற்கெனவே அங்கே இருப்பதுதான். ஒரு சேர்வரில் வளர்த்த பாத்திரத்தை இன்னொன்றுக்குக் கொண்டுபோக முடியாது. அதனால் இந்த ஒரு சொடுக்கை யோசித்துச் செய்யுங்கள்.

கணக்கு இதுதான். கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்கு ஏறக்குறைய 2,00,000 கி.மீ. ஓடும். கொழும்பிலிருந்து சிங்கப்பூர் நேர்கோட்டில் சுமார் 2,700 கி.மீ. போய்வர 27 மில்லி விநாடி, அதற்குக் கீழே இறங்க இயற்கை விடாது. கடலடிக் கேபிள் வளைந்து போவதையும் நடுவில் உள்ள கருவிகளையும் சேர்த்தால் நல்ல ஃபைபர் இணைப்பில் 40 முதல் 60 வரை வரும். ஆம்ஸ்டர்டாமுக்கு இதே கணக்கில் அடித்தளமே 80க்கு மேல். அமெரிக்கக் கிழக்குக் கரைக்கு 140க்கு மேல், நடைமுறையில் 200ஐத் தாண்டும். மரம் வெட்ட 200 போதும். எதிராளி திறனை எழுப்புவதைப் பார்த்து விலகி ஓட 200 போதாது.

பிங் (இந்தப் போய்வரும் நேரம்) எண்ணைவிடக் கெடுதலானது அது துள்ளுவது. நிலையான 70 இருந்தால் கை பழகிவிடும். 45க்கும் 300க்கும் இடையில் குதித்தால் எந்தக் கையும் பழகாது. துள்ளல் வந்தால் கடல் கேபிளைத் திட்டுவதற்கு முன் வீட்டுக்குள் பாருங்கள். கட்டளைத் திரையைத் திறந்து உங்கள் ரவுட்டரின் முகவரிக்கே நூறு தடவை பிங் விடுங்கள் (பெரும்பாலும் 192.168.1.1, ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும்). 5 மில்லி விநாடிக்கு மேல் அடிக்கடி போனால் குற்றம் வைஃபையில்.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டித் தொடர்மாடிகளில் இது சாதாரணம். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சனல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான். ஒரு மாடியில் இருபது ரவுட்டர் அந்த மூன்றுக்குள் நெரிபடும். 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுங்கள், முடிந்தால் கேபிள் இழுங்கள்.

ரவுட்டர் வரைக்கும் சுத்தமாக இருந்து வெளியே துள்ளினால், வீட்டில் யாருடைய போனாவது படங்களை மேலே ஏற்றிக்கொண்டிருக்கும். ஏற்றும் வேகம் நிரம்பினால் உங்கள் சின்னச் சின்னப் பொதிகள் அந்த வரிசையின் பின்னால் நிற்கும். ரவுட்டரில் கியூஓஎஸ் (எந்தப் பொதி முதலில் போவது என்று ஒழுங்குபடுத்தும் வசதி) இருந்தால் ஏற்றும் வேகத்தை உண்மையான வேகத்தின் 85 சதவீதத்துக்கு மட்டுப்படுத்துங்கள். படங்கள் ஏறுவது கொஞ்சம் மெதுவாகும், சண்டை சீராகும்.

---

#5 கொட்டாஞ்சேனைக் கொல்லன்

கோணவில் சண்டையைச் சொல்லிட்டார். எனக்கு இந்த விளையாட்டு சண்டையே இல்லை, சந்தை.

முதல் பார்வையில் ஆள்கள் தவறவிடுகிற விஷயம்: ஒவ்வொரு நகரத்துக்கும் வங்கி வேறு, சந்தை வேறு. மார்ட்லொக்கில் வைத்த தோல் லிம்ஹர்ஸ்ட் வங்கியில் தெரியாது. நீங்களே மாட்டில் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். இதைச் சலிப்பு என்று நினைத்தால் இந்த விளையாட்டு உங்களுக்கு இல்லை, ஏனென்றால் காசு வருவதே இதில்தான்.

பயிற்சி முடிந்ததும் ஐந்து நகரத்தில் ஒன்றைத் தெரியச் சொல்லும். அதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. எந்த நகரத்தைச் சுற்றி எது அதிகமாக விளைகிறதோ, அதைப் பதப்படுத்தும் சலுகை அந்த நகரத்தில் இல்லை. லிம்ஹர்ஸ்ட் காட்டுக்குள் இருக்கிறது, சுற்றி மரம், சலுகையோ நாருக்கு. தெட்ஃபோர்ட் சதுப்பு, நார் விளையும், சலுகை உலோகத் தாதுக்கு. ஃபோர்ட் ஸ்டெர்லிங் மலை, தாது, சலுகை மரத்துக்கு. பிரிட்ஜ்வொட்ச் புல்வெளி, தோல், சலுகை கல்லுக்கு. மார்ட்லொக் மேட்டுநிலம், கல், சலுகை தோலுக்கு. வேண்டுமென்றே குறுக்கே போட்டிருக்கிறார்கள். நுவரெலியா லீக்ஸுக்கு விலை பேலியகொடையில் வைத்துத்தான் என்பது மாதிரி, நடுவில் லொறிக்காரன் இல்லாமல் இந்த உலகம் ஓடாது.

எண்களோடு பார்ப்போம். டி4 தோல் ஒன்று பதப்படுத்த டி4 பச்சைத்தோல் 2, அதோடு டி3 பதப்படுத்திய தோல் 1. (டி5க்கு 3, டி6க்கு 4, டி7க்கும் டி8க்கும் 5 என்று மேலே போகும். எல்லாவற்றிலும் கீழ் டியரில் பதப்படுத்தியது ஒன்று சேரும்.) உங்களிடம் 200 பச்சைத்தோலும் 100 டி3 தோலும் இருக்கிறது. சலுகை இல்லாத நகரத்தில் மூலப்பொருள் திரும்பும் விகிதம் 15.2 சதவீதம்: 30 பச்சைத்தோலும் 15 டி3யும் திரும்பி வரும். மார்ட்லொக்கில் 36.7 சதவீதம்: 73உம் 36உம். திரும்பியதை மறுபடி மறுபடி போட்டு முடித்தால் முதல் நகரத்தில் மொத்தம் 118 தோல் அளவில், மார்ட்லொக்கில் 158 அளவில். அதே சரக்கு, நாற்பது தோல் வித்தியாசம். பிரீமியத்தோடு (குறித்த காலத்துக்கு வாங்கும் சலுகை) வருகிற ஃபோகஸை (நாளாந்தம் சேரும் புள்ளி) செலவழித்தால் 53.9 சதவீதம், 217 வரை போகும்.

இந்த நாற்பது தோலை அப்படியே தின்றுவிடக்கூடிய இரண்டு ஓட்டைகள் உண்டு. ஒன்று, பட்டறைக் கட்டணம். நகரத்துப் பட்டறைகளும் விளையாட்டுக்காரர்களுடையவைதான், கட்டணத்தை அவர்களே வைப்பார்கள். வாசலுக்குக் கிட்ட உள்ளது வழமையாக விலை கூட. பத்து அடி தள்ளி நடந்து பாருங்கள். இரண்டாவது, சந்தை வரி. நீங்களே விலை போட்டு விற்பனைக்கு வைத்தால் வைப்புக் கட்டணம் 2.5 சதவீதம், விற்றதும் வரி 8 சதவீதம். 10,000 சில்வர் சாமானில் 1,050 போய்விடும். பிரீமியம் இருந்தால் வரி 4, மொத்தம் 650. ஏற்கெனவே வேறொருவர் போட்டிருக்கிற கொள்வனவு விலைக்குத் தூக்கிக் கொடுத்தால் வைப்புக் கட்டணம் இல்லை, வரி மட்டும். மலிவுச் சாமானுக்கு அதுவே போதும்.

---

#6 முளைக்கீரை

கொல்லன் அண்ணா, அப்ப புதுசா வாறவங்க சட்டை, ஆயுதம் எல்லாம் தாங்களே செஞ்சு உடுத்தினா லாபமா?

---

#7 கொட்டாஞ்சேனைக் கொல்லன்

இல்லை. பயிற்சியில் செய்யச் சொல்கிறதைச் செய்துவிட்டு, அதற்குப் பிறகு சந்தையில் வாங்குங்கள். டி4 சாதாச் சாமானை ஃபேமுக்காக ஆயிரக்கணக்கில் செய்து, நட்டத்துக்கு விற்கிறவர்கள் எப்போதும் இருப்பார்கள். அவர்களோடு விலையில் போட்டி போட உங்களால் முடியாது. மூலப்பொருளாக விற்றால் கூடக் கிடைக்குமா, செய்து விற்றால் கூடக் கிடைக்குமா என்று ஒவ்வொரு தடவையும் பாருங்கள். அரைவாசித் தடவை பச்சைத்தோலே நல்ல விலை போகும்.

---

#8 முளைக்கீரை

விளங்குது. அடுத்தது, டி5 திறந்த உடன டி5 வாங்கவா, இல்ல இந்த 4.1, 4.2 என்டு இருக்கிறத வாங்கவா? பேரைப் பாத்தா 4 சின்னதாத்தான் தெரியுது.

---

#9 கோணவில்

கன பேர் சறுக்கிற இடம் இது. பாக்க வேண்டியது டியர் இல்லை, ஐட்டம் பவர் (சாமானின்ரை மொத்தப் பலம்).

டி4 சாதா 700. ஒரு டியர் ஏற 100 கூடும், ஒரு மந்திரப் புள்ளி (4.1, 4.2இல் புள்ளிக்குப் பிறகு வாற எண்) ஏறவும் 100 கூடும். அப்ப 4.1 எண்டால் 800, டி5உம் 800. 4.2உம் 5.1உம் டி6உம் மூண்டும் 900. வித்தியாசம் என்னெண்டால் 4.1, 4.2, 4.3 எல்லாத்தையும் டி4 திறந்த உடனேயே உடுத்தலாம். டி6 உடுத்த அந்தக் கிளையைப் பாடுபட்டு ஏத்தோணும். ஒரே பவர் உள்ள மூண்டையும் சந்தையில் பக்கத்தில் பக்கத்தில் வைச்சு விலை பாருங்கோ. எது மலிவோ அது. கிழமைக்குக் கிழமை மாறும்.

எல்லா இடத்துக்கும் ஒரே அளவு போடவும் தேவையில்லை. காசைக் கொட்டுறதெண்டால் ஆயுதத்திலை கொட்டுங்கோ. ராட்சதர் கெதியாச் சாவினம், உங்களுக்கு அடி குறையும். சப்பாத்தில் கடைசி.

தனிய டன்ஜன் (ராட்சதர் நிறைஞ்ச குகை) போறவைக்கு மேர்சினரி ஜாக்கெட் நல்ல தொடக்கம். ஆர் அமத்திப்போட்டு அடிச்சால் அடிக்க அடிக்க உயிர் ஏறும். வைத்தியர் இல்லாத குறை பாதி தீரும். பிழை எங்கை வரும் எண்டால், உயிர் குறைஞ்ச பிறகு அமத்திறது. அது மருந்து இல்லை, நீங்கள் அடிச்சால்தான் வேலை செய்யும். கூட்டம் முழுசாச் சேர்ந்து நிக்கேக்கை, இன்னும் பாதி உயிர் இருக்கேக்கையே அமத்தோணும்.

---

#10 நள்ளிரவு_நானா

எல்லாரும் நீலத்துல ஒக்காந்து தோல் பதப்படுத்துறதப் பத்தியே பேசுறீங்க. மச்சான்மாரே, ஆறு மாசம் நீலத்துல இருந்தவன் சிவப்புல செத்தா விளையாட்டையே அழிச்சிட்டுப் போறான். ரெண்டாவது கிழமையிலயே மலிவா உடுத்திட்டுப் போய்ச் சாகுறவன்தான் நிக்கிறான்.

கணக்கு இப்படி வைங்க. கையில இருக்கிற சில்வருக்கு ஒரே செட்டு அஞ்சு தரம் வாங்க ஏலுமா? ஏலும் என்டா அத உடுத்துங்க. ஏலாட்டி அது உங்கட செட்டு இல்ல, ஒரு படி கீழ வாங்க. அஞ்சையும் வாங்கி வங்கியில வைங்க. செத்தா புதுசா யோசிக்கத் தேவயில்ல, அடுத்தத எடுத்துப் போட்டுட்டு வெளிக்கிடலாம்.

சிவப்புல உள்ளுக்குப் போன உடனே செய்யிற வேல ஒன்டு. மினிமெப் பக்கம் பாருங்க, வெட்டுற நோக்கத்தோட கொடி தூக்கின ஆக்கள் எத்தின பேர் அந்த நிலத்துல நிக்கிறாங்க என்டு இலக்கம் காட்டும். பூச்சியம் என்டா கல்லு வெட்டலாம். ஒன்டு, ரெண்டு என்டா கண்ண ரோட்டுல வைங்க. சட்டென்டு ஏழு, எட்டுக்கு ஏறுச்சா அது ஒரு கூட்டம், இப்பதான் வந்து எறங்கியிருக்கு. வெட்டின கல்லப் பாக்காதீங்க, மிருகத்துல ஏறுங்க.

அந்தக் கூட்டம் உங்களத் தேடி அலையாது. எல்லை வாசல்ல நிக்கும். நீங்களே அங்க வருவீங்க என்டு அவனுக்குத் தெரியும். மெப்ல மத்த வாசல் எது என்டு உள்ளுக்குப் போறதுக்கு முன்னமே பாத்து வைங்க. சுத்து வழியா இருந்தாலும் அதால வெளிய வாங்க.

ஏறி உக்காரச் சில செக்கன் எடுக்கும், அதுக்குள்ள அடி விழுந்தா கெட்டுப் போகும். அதால கல்லு வெட்டுறப்போ மிருகத்த விட்டு ரொம்பத் தூரம் போகாதீங்க. அசாசின் ஜாக்கெட் போட்டா ஆர்ல மறைஞ்சு போகலாம். சேகரிக்கப் போறவனுக்கு அது அடிக்கிற சட்டையவிடப் பெறுமதி.

---

#11 கொட்டாஞ்சேனைக் கொல்லன்

» நள்ளிரவு_நானா: "ரெண்டாவது கிழமையிலயே மலிவா உடுத்திட்டுப் போய்ச் சாகுறவன்தான் நிக்கிறான்"

உடுப்பு மலிவு சரி, பையில் என்ன இருக்கிறது என்பதையும் சொல்லுங்கள் நானா. மலிவுச் சட்டை போட்டுக்கொண்டு பையில் இரண்டு மணித்தியாலத்துத் தாது. அங்கேதான் நட்டம். இருபது நிமிடத்துக்கு ஒருக்கால் கொண்டுபோய் வைக்க வேண்டும்.

சுமை 100 சதவீதத்தைத் தாண்டினால் மிருகம் இழுபடும். துரத்துகிறவனுக்கு அது போதும். மாடு நிறையச் சுமக்கும், ஆனால் ஊரும். சிவப்புக்குள் மாட்டைக் கொண்டுபோகிறவர் தனக்குத்தானே எதிரி. நீல, மஞ்சள் பாதையில் நகரத்துக்கு நகரம் சரக்கு மாற்ற மாடு, சிவப்பில் சேகரிக்கக் குதிரை.

கேர்லியன் நகரத்தை மறக்காதீர்கள். வரைபடத்தின் நடுவில் இருக்கும், சுற்றிவரச் சிவப்பு. அங்கே கறுப்புச் சந்தை என்று ஒன்று, செய்த ஆயுதம், சட்டைகளை வாங்கும். அங்கே விற்றதுதான் ராட்சதரைக் கொன்றால் விழுகிற சாமானாக வெளியே வருகிறது. விலை நன்றாக இருப்பதற்குக் காரணம் அந்தச் சிவப்புப் பாதைதான். புதியவர் விலையை மட்டும் பார்த்துவிட்டு மாட்டை ஓட்டிக்கொண்டு கிளம்புவார்.

---

#12 நள்ளிரவு_நானா

அந்த மாட்டுக்காரங்களாலதான் எங்களுக்கு நோன்பு காலத்துலயும் சோறு. குழப்பாதீங்க.

---

#13 சுண்டுவிரல்

போன்ல விளையாடுறவங்களுக்காக நான் சேர்க்கிறேன், இங்க எல்லாரும் விசைப்பலகையையே சொல்றீங்க.

போன்ல இடது பெருவிரலுக்கு ஜாய்ஸ்டிக், வலது பக்கம் திறன் பொத்தான்கள். பொத்தானைத் தட்டினா கிட்ட இருக்கிற இலக்குக்குத் தானாப் போகும், இழுத்து விட்டா நீங்க காட்டுற திசைக்குப் போகும். பயிற்சி முழுக்கத் தட்டினாலே போதும், அதனால இழுக்கிற பழக்கம் வராது. ஆள்களோட சண்டைன்னு வரும்போது தட்டினது பக்கத்துல நிக்கிற ஓநாய்க்குப் போயிடும். முதல் நாளிலிருந்தே ஈயை மட்டுமாவது இழுத்துப் பழகுங்க. வார்போ மாதிரி ஒரே அம்பை நம்பி இருக்கிற ஆயுதம் போனுக்குக் கஷ்டம். சாதா வில் சுலபம், அதோட ஈக்குக் குறி பார்க்கவே தேவையில்ல.

சந்தையைப் போன்ல கவனமாப் பாருங்க. எண்ணிக்கையும் விலையும் சின்ன எழுத்து. 1,999க்கும் 19,999க்கும் வித்தியாசம் அவசரத்துல தெரியாது, வாங்கின பிறகு திருப்பிக் குடுக்க ஒரு வழியும் இல்ல. பெரிய கொள்வனவைக் கணினிக்கு வச்சிடுங்க, கணக்கு ஒண்ணுதானே.

வரைகலையை எல்லாம் கீழ இறக்குங்க. நகரத்து வங்கி வாசல்லதான் போன் முதல்ல திணறும், காட்டுல இல்ல. அங்க நூறு பேர் நிக்கிறாங்க. போன் சூடாகி வேகம் குறைஞ்சா கவரைக் கழட்டுங்க. சார்ஜ் போட்டுக்கிட்டே விளையாடினா அந்தச் சூடு இரட்டிப்பு. கொழும்பு ஏப்ரல் மாசத்துல மின்விசிறிக்கு நேரா உக்காந்தாலும் அரை மணித்தியாலத்துக்கு மேல சில போன்கள் தாங்காது.

விளையாடச் செலவாகிற டேட்டா கொஞ்சம்தான். அப்டேட்தான் விழுங்கும். அதை வைஃபையில எடுத்துட்டு வெளிக்கிடுங்க.

---

#14 முளைக்கீரை

நன்றி அக்கா. பிரீமியம் வாங்கலாமா வேணாமா என்டு ஒருத்தரும் சொல்லல்லயே?

---

#15 கோணவில்

முதல் கிழமை வேண்டாம். பிரீமியம் எண்டால் ஃபேம் ஒண்டரை மடங்கு, வரி பாதி, நாளுக்கு 10,000 ஃபோகஸ். இந்த மூண்டையும் பாவிக்கத் தெரியாத நேரம் வாங்கினால் நாள் வீணாப் போகும். ஃபோகஸ் 30,000க்கு மேலை சேராது, அங்கையே நிண்டு வழியும்.

காசு குடுத்துத்தான் வாங்கோணும் எண்டும் இல்லை. பிரீமியம் வாங்கிறது கோல்டாலை. கோல்டைச் சில்வர் குடுத்தும் விளையாட்டுக்குள்ளையே வாங்கலாம், விலை ஏறி இறங்கும். ஒரு மாசத்துப் பிரீமியத்துக்குரிய சில்வரைச் சொந்தமா உழைக்கப் பழகின நாளில் முதல் தரம் வாங்குங்கோ.

---

#16 கொட்டாஞ்சேனைக் கொல்லன்

இதில் எனக்கு உடன்பாடில்லை. சண்டைக்காரருக்குக் கோணவில் சொல்வது சரி. பதப்படுத்துகிறவருக்கு முதல் நாளே ஃபோகஸ் வேண்டும். 158க்கும் 217க்கும் உள்ள வித்தியாசம்தான் அவருடைய சம்பளம். விளையாட்டுக்குள் சொந்தத் தீவு வாங்கிக் கமம் செய்கிறவருக்கும் அப்படித்தான். ஒரு வயலில் 9 பயிர், விளைய 22 மணித்தியாலம். இன்று இரவு எட்டுக்கு நட்டால் நாளை மாலை ஆறுக்கே தயார், அலுவலகத்தால் வந்து அறுத்துவிட்டு மறுபடி நடலாம். ஃபோகஸ் ஊற்றித் தண்ணீர் விட்டால்தான் விதை திரும்பக் கிடைக்கும் வாய்ப்பு ஏறும். ஊற்றாமல் நட்டால் விதைக்கே அடிக்கடி காசு போகும்.

---

#17 மட்டுறுத்துநர்

கோல்ட், சில்வர், பாத்திரம் ஆகியவற்றை ரூபாய்க்கு விற்கும் பதிவுகள் இரண்டு நீக்கப்பட்டன. விளையாட்டின் விதிப்படியே அது தடை, வாங்கியவர் கணக்கும் போகும். இழை தொடரலாம்.

---

#18 நள்ளிரவு_நானா

நீக்கினது நல்லம். அதோட சேத்து ரெண்டு ஏமாத்து வேலையச் சொல்லி விடுறேன், புதுசா வாறவங்களத்தான் தேடிப் புடிக்கிறாங்க.

நகரத்துல "சில்வர் தாங்க, ரெட்டிப்பாத் தாறேன்" என்டு கத்துவான். மொத தரம் 10,000 குடுத்தா 20,000 தருவான், உண்மையாவே தருவான். ரெண்டாந்தரம் நீங்க 5 லெட்சம் குடுப்பீங்க. அவ்வளவுதான்.

மத்தது பரிமாற்றப் பெட்டி. பேசின மாதிரி 4.3 சட்டைய வைப்பான், கடைசி நேரத்துல எடுத்துட்டு அதே படமுள்ள 4.1ஐ வைப்பான். படம் ஒன்டு, ஓரத்து நிறம் மட்டும் வேற. ஏதாவது மாறினா உறுதிப் பொத்தான் திரும்ப அணையும், அது அணைஞ்சா ஏன் அணைஞ்சது என்டு பாருங்க. நல்லது என்ன தெரியுமா, ஆளோட ஆள் பரிமாறவே வேணாம். சந்தை இருக்கு.

கில்ட்டுக்கு (விளையாடுறவங்கட சங்கம்) கூப்பிட்டு "நல்ல இடம் காட்டுறேன் வாங்க" என்டு சிவப்புக்குக் கூட்டிட்டுப் போறதும் நடக்குது. கில்ட்ல சேருங்க, தனிய விளையாடினா சலிச்சுப் போகும். ஆனா மொத நாளே வங்கியில இருக்கிறதெல்லாம் உடுத்திட்டு வரச் சொல்றவனோட போகாதீங்க.

---

#19 கோணவில்

நேரம் பற்றியும் ஒண்டு. விளையாட்டுக்குள்ளை இருக்கிற மணிக்கூடு யூடிசி (உலகப் பொது நேரம்). கில்ட்டில் "14:30க்குச் சண்டை" எண்டால் எங்களுக்கு இரவு எட்டு மணி. அஞ்சரையைக் கூட்டுங்கோ. இதைக் கூட்டாமல் பின்னேரம் ரெண்டரைக்கு வந்து நிண்டு பார்த்திட்டுப் போறவை இப்பவும் இருக்கினம்.

---

#20 முளைக்கீரை

கடைசியா ஒரு கேள்வி. சிவப்புல நிக்கிற நேரம் கரண்ட் போனா? லெப்டொப் ஓடும், ரவுட்டர் நிண்டுடும்.

---

#21 அறுபது_பிங்

இணைப்பு அறுந்த கணத்தில் உங்கள் பாத்திரம் மறையாது. கொஞ்ச நேரம் அங்கேயே சிலைபோல நிற்கும். சிவப்பில் அந்தக் கொஞ்ச நேரம் தாராளம். போனில் டேட்டாவைத் திறந்து அதே கணக்கில் உள்ளே போவது முதல் உதவி. போனில் விளையாட்டை ஏற்கெனவே அப்டேட் செய்து வைத்திருந்தால் மட்டும் இது உதவும்.

நிரந்தர வழி ரவுட்டருக்கு ஒரு சின்ன யூபிஎஸ். ஃபைபர் இணைப்பில் தெருவிலுள்ள பிரிப்பான்களுக்கு மின்சாரம் தேவையில்லை. அதனால் உங்கள் வீட்டுப் பெட்டி உயிரோடு இருந்தால் பெரும்பாலும் இணையமும் இருக்கும். மொபைல் கோபுரம் அப்படியல்ல, நீண்ட வெட்டில் அதன் பற்றரியும் இறங்கும்.

வாங்கும்போது மூன்றைப் பாருங்கள். ரவுட்டர் அடப்டரில் எழுதியிருக்கும் வோல்ட், பெரும்பாலும் 12. அதே வோல்ட்தான் யூபிஎஸ்ஸிலும் வர வேண்டும், 9ஐச் செருகினால் ரவுட்டர் திரும்பத் திரும்ப அணைந்து எழும்பும். அடுத்தது அம்பியர்: அடப்டரில் 1.5 என்று இருந்தால் யூபிஎஸ் 1.5 அல்லது அதற்கு மேல். கூட இருந்தால் கெடுதல் இல்லை, குறைந்தால்தான் சூடாகும். மூன்றாவது செருகியின் பருமனும் முனையும். அடப்டரில் வட்டத்துக்குள் கூட்டலும் கழித்தலும் போட்ட படம் இருக்கும், இரண்டிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். பழைய அடப்டரையே கையில் எடுத்துக்கொண்டு யுனிட்டி பிளாசாவுக்குப் போனால் கடையிலேயே பொருத்திப் பார்க்கலாம்.

எவ்வளவு நேரம் ஓடும் என்று பெட்டியில் போட்டிருப்பதை நம்பாதீர்கள். 8,800 எம்ஏஎச் என்பது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் பற்றரிக்கு. 8.8ஐ 3.7ஆல் பெருக்கினால் 32.5 வோட்மணி. 12 வோல்ட்டுக்கு ஏற்றுவதில் போகும் இழப்பைக் கழித்தால் 27 அளவில். ரவுட்டர் 8 வோட் இழுத்தால் மூன்று மணித்தியாலமும் இருபது நிமிடமும். ஃபைபர் பெட்டி தனி, ரவுட்டர் தனி என்று இரண்டு இருந்தால் இரண்டுக்கும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். ரவுட்டருக்கு மட்டும் யூபிஎஸ் போட்டுவிட்டு, வைஃபை குறி முழுதாக இருக்கிறது, விளையாட்டு மட்டும் அறுகிறது என்று கேட்பவர்களின் வீட்டில் பெரும்பாலும் அணைந்து கிடப்பது அந்த ஃபைபர் பெட்டிதான்.

---

#22 முளைக்கீரை

எங்கட வீட்டுல ரெண்டு பெட்டி இருக்கு. அப்ப ரெண்டு வயர் உள்ளதா வாங்கிறேன். ஆசியா சேர்வர், சாதா வில், மேர்சினரி ஜாக்கெட், எல்லாம் 4.1, அஞ்சு செட்டு. நானா, எந்த வாசல்ல நிப்பீங்க என்டு மட்டும் சொல்லுங்க.

---

#23 நள்ளிரவு_நானா

மத்த வாசல்ல.